மொட்டை ஓரம்

ஜூலை 8, 2024
அப்பாவின் பதக்கம் கேட்டுப் போட்ட மனுவுக்கு இன்றும் பதில் கடிதம் இல்லை.

ஜூலை 11
அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிறப்புச் சேவைப் பதக்கம், 'ஸ்ரீலங்கா' பட்டையோடு என்று கையால் எழுதியிருக்கிறது. எழுதியதோடு சரி, பதக்கம் வரவே இல்லை. ரிப்பனை மட்டும் குத்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டார். அலமாரியில் இருப்பது கண்டோன்மெண்ட் தையல்கடையில் காசு கொடுத்து வாங்கியது. அதன் ஓரம் மொட்டை. அரசு கொடுப்பதில் ஓரத்தைச் சுற்றிப் படை எண், பதவி, பெயர் வெட்டியிருக்கும். எனக்கு அந்த ஓரம்தான் வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்
டயாலிசிஸ். நாலு மணி நேரம். பக்கத்துக் கட்டிலில் அகதி முகாமிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். இரண்டு பேரும் பனங்கிழங்கு பற்றியே பேசினார்கள். 1987இல் இந்தியப் படையோடு யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியதை அப்பா சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல, "வெள்ளிக்கிழமை வருவியள்தானே?" என்று கேட்டார்.

ஜூலை 29
இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி 37 வருஷம். தூக்கம் வரவில்லை. அமைதி காக்க என்று சொல்லி இந்தியப் படையை அனுப்பினார்கள், அக்டோபரில் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்புவதற்குள் இந்தியப் படையில் 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் சண்டையில் செத்த மேஜர் பரமேஸ்வரனுக்கு பரம்வீர் சக்கரம் கிடைத்தது. அப்பா மாதிரி ஆட்களுக்கு ஓரத்தில் ஒரு பெயர்கூட இல்லை. திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அதில் ரொம்ப நாள் எனக்குக் கோபம். அப்புறம், 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை என்ன செய்தது என்று படித்தேன். டாக்டர்கள், நர்சுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள். அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று அப்பா எங்கே இருந்தார்? ஏழு மனு எழுதியிருக்கிறேன். இதை மட்டும் அவரிடம் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 2
பதில் வந்துவிட்டது! பார்ட் டூ ஆர்டர், அதாவது அப்பாவின் பணி விவரங்களைப் படையில் பதிந்த உத்தரவு, அதன் நகலை நாங்கள் அனுப்ப வேண்டுமாம். அது அவர்களிடம் இருக்க வேண்டியது. கிழித்துப் போடலாம் போல இருந்தது. கிழிக்கவில்லை. ஃபைலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
அப்பாவே சொல்லிவிட்டார். "நான் மிலிட்டரில இருந்தவன். அந்தப் பக்கம் வந்திருக்கேன். பலாலி, அப்புறம் வவுனியா."

பெரியவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த வருசம்?"

"எண்பத்தேழு."

"அப்ப எங்கட வீட்டு வாசலிலயும் நிண்டிருப்பியள்."

அதற்குமேல் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை வருவியளா என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி
அந்தக் கட்டிலில் வேறு ஆள். பெரியவர் சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாராம். அப்பா நாலு மணி நேரமும் கண்ணை மூடியே கிடந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 10
"மனு போட்டது போதும்டா."

ஆகஸ்ட் 12
எட்டாவதையும் எழுதி முடித்துவிட்டேன். கவரில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. அவர் கையெழுத்து வேண்டும். நாளை செவ்வாய்.