குளவிக்கு ஒரு காம்பரா

2024 பெப்ரவரி 3, சனி
பூச்சிப் படங்கள் ஒட்டிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். படம் எதற்கு, பூச்சியையே வரவழைப்போம் என்று கிளம்பிவிட்டான் பெரியவன். பூச்சிகள் வந்து தங்க ஒரு காம்பரா, அதாவது சிறு அறை, கட்டுவதாகத் திட்டம். அதற்குப் பழப்பெட்டி ஒன்று அகப்பட்டது. ஓடைக்கரை மூங்கிலை அவனுடைய அப்பா கணுவை ஒட்டி அறுத்துக் கொடுத்தார். குழாயின் ஒரு பக்கம் கணுவால் அடைபட்டிருக்க வேண்டும். இரு பக்கமும் காற்றோடினால் எதுவும் குடிவராது. வாயை உப்புத்தாளால் தேய்ப்பது சின்னவளின் வேலை. சிராய் இருந்தால் இறக்கை கிழியும் என்றதும் அப்படியொரு கவனம். இதில் பாதியைக் கணக்குப் பாடத்தில் காட்டினால் போதும்.

கீழ்த்தட்டுக்குச் சருகும், தேயிலையைக் கவ்வாத்து செய்தபோது வெட்டிய குச்சிகளான மிலாறும். அடுப்புக்குச் சேர்த்த மிலாறு என்று அப்பாயி முணுமுணுத்தார்.

பெப்ரவரி 4, ஞாயிறு
உண்மையான சண்டை இன்றுதான். யாருக்கு இந்த வீடு என்று அப்பாயி கேட்க, "தேனீக்கு, குளவிக்கு" என்றாள் சின்னவள். அவ்வளவுதான், அவருடைய முகம் மாறிவிட்டது. ஆயுளில் பாதியை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக் கழித்தவர். குளவி கலைந்து கூடையை வீசிவிட்டு ஓடியவர். கூட ஓடிய தோழி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்தில் இன்றும் அந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அவருடைய பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கூட்டமாகத் துரத்துபவை ஒரே கூட்டில் சேர்ந்து வாழ்பவை, அந்தக் கூட்டைக் காக்கத்தான் பாய்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மூங்கிலுக்கு வருபவை ஒண்டிக்கட்டைகள். ராணியும் இல்லை, படையும் இல்லை. அப்பாயி நம்பவில்லை. "துணிக்கொடிக்கு அப்பால் கட்டு" என்று மட்டும் சொன்னார்.

பெப்ரவரி 23, வெள்ளி, போயா (பௌர்ணமி விடுமுறை)
ரோஜா இலைகளின் ஓரத்தில் வட்டவட்டமாக வெட்டு. பெரியவன் கம்பளிப்பூச்சியைத் தேடினான். இலைவெட்டித் தேனீயின் வேலை அது. பச்சைத் துண்டைச் சுருட்டி வயிற்றடியில் பிடித்துக்கொண்டு மூன்றாவது குழாய்க்குள் நுழைந்ததை இருவரும் பார்த்துவிட்டார்கள். இனி ரோஜாவுக்கு மருந்தடிக்கக் கூடாதாம், எனக்கு உத்தரவு.

மார்ச் 10, ஞாயிறு
காலை வெயிலில் வந்தது, இடை நூலாக இழைத்த கறுப்புக் குளவி ஒன்று. கால்களுக்கிடையே ஒரு பச்சைப்புழு. அதைக் குழாய்க்குள் தள்ளிவிட்டுப் பறந்தது, இன்னொன்றோடு வந்தது. பிறகு ஈர மண்ணை உருண்டையாகக் கவ்வி வந்து, குழாயின் வாயைத் தன் தாடையால் தட்டித்தட்டி மெழுகியது. புழு செத்துவிட்டதா என்றாள் சின்னவள். இல்லை, கொட்டி அசையாமல் மட்டும் ஆக்கியிருக்கிறது. செத்தால் அழுகிவிடும், பொரிக்கும் குஞ்சுக்கு உணவு இருக்காது. அதிக நேரம் நின்று பார்த்தவர் அப்பாயிதான்.

இரவு அவருக்குப் பழைய கதை ஒன்று சொன்னேன். தேயிலை இலைகளை நூலால் ஒட்டி உள்ளிருந்து தின்னும் டோட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியை இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள்ளேயே முட்டையிடும், புழு அடங்கிப்போனது. பின்னாளில், தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். குளவி மடிந்தது, டோட்ரிக்ஸ் திரும்பிவிட்டது. "மருந்து அடித்தவன் குளவியைக் கேட்டுக்கொண்டா அடிப்பான்" என்றார் அப்பாயி.

ஏப்ரல் 21, ஞாயிறு
மண் அடைப்பில் ஓட்டை! முதலில் வந்தது ஆண். வாசல் பக்கத்து அறைகள் பெரும்பாலும் ஆண்களுக்கு, உள்ளறைகள் பெண்களுக்கு. அதனால் ஆண்கள் முந்திவிடுகின்றன. மே மாத மழைக்கு முன் பெட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும்.

ஆண் குளவி மண் சுமக்குமா, புழு பிடிக்குமா என்று பெரியவன் கேட்டான். இரண்டும் இல்லை, எல்லாம் பெண்தான் என்றேன். அப்பாயி சிரித்துவிட்டார்:

"அங்கேயும் கொழுந்து எடுக்கப் பொம்பளைதானா?"