வெளுத்துப்போன தோல் சீட்டை நானே சரிசெய்த அனுபவம்

அப்பா 14 வருடம் ஓட்டிய கார் என் கைக்கு வந்தபோது இன்ஜினில் குறை எதுவும் இல்லை. வெளி பெயின்ட்டும் பரவாயில்லை. கதவைத் திறந்தால்தான் மனசு கஷ்டப்படும். இளம்பழுப்பு நிறத் தோல் சீட். ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்கமாக மேடாக இருக்கும் ஓரம், ஏறி இறங்கும்போதெல்லாம் உரசி உரசி நிறம் முழுக்கப் போய், உள்ளே இருக்கும் நார் வெளியே தெரிந்தது. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. பின்சீட்டின் மேல்பகுதி, கண்ணாடி வழியாக வெயில் நேரே விழும் இடம், பலமுறை துவைத்த சட்டை மாதிரி வெளிறியிருந்தது. முன்பக்கத்து இன்னொரு சீட் மட்டும் தேவலை. அதுவும் ஒரு பிசுக்கோடு மினுமினுத்தது.

"பேசாமல் ரெக்சின் கவர் போட்டுவிடு" என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. கட்டைவிரலால் தோலை அழுத்திப் பார்த்தேன். விரலைச் சுற்றிச் சுருக்கம் விழுந்தது, விரலை எடுத்ததும் மெல்லச் சமமானது. தோல் இன்னும் மிருதுவாகத்தான் இருந்தது. அட்டை மாதிரி விறைத்துப் போய், அழுத்தினால் நொறுங்குகிற நிலையில் இருந்திருந்தால் நானும் கவர் போடத்தான் போயிருப்பேன்.

முதலில் நான் செய்தது தவறு. தோல் காய்ந்துதான் வெடிக்கிறது, எண்ணெய் தடவினால் உயிர் வந்துவிடும் என்று நம்பி, வீட்டில் இருந்த சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு ஓட்டுநர் சீட் முழுக்கத் தேய்த்தேன். இரண்டு நாள் பளபளவென்று கருத்து அழகாக இருந்தது. அப்புறம் தூசி ஒட்ட ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் பேன்ட்டில் கறை. நார் தெரிந்த இடம் எண்ணெயைக் குடித்துத் திட்டுத்திட்டாகக் கருத்துவிட்டது. வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

சீட் தைக்கும் தொழிலில் பல வருடம் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். பார்த்த உடனே கேட்டார், "எண்ணெய் போட்டீங்களா தம்பி?" ஆமாம் என்றேன். "இனிமே அதை எடுக்கறதுதான் முதல் வேலை. எண்ணெய் இருக்கிற இடத்துல சாயம் நிக்காது." பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை நல்ல இடத்தில் விட்டார். முத்து மாதிரி நின்றது. இன்னொரு சொட்டை வெடித்த ஓரத்தில் விட்டார். சில நொடியில் உள்ளே இறங்கி, அந்த இடம் கருத்தது.

அந்த இரண்டு சொட்டில் எனக்கு எல்லாம் புரிந்தது. காரில் நம் உடம்பு படுவது பெரும்பாலும் நேரடியாகத் தோலின் மேல் இல்லை. பதனிட்ட தோலின் மேல் நிறமி கலந்த ஒரு பூச்சு, அதற்கு மேல் நிறமில்லாத ஒரு பாதுகாப்புப் பூச்சு. தண்ணீர் முத்தாக நின்றால் அந்தப் பூச்சு இருக்கிறது, உறிஞ்சினால் போய்விட்டது. நான் தோலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதிக்கப்பட்டது மேலே இருந்த பெயின்ட். பெயின்ட் போன சுவருக்கு எண்ணெய் தடவி என்ன பயன்? தோலுக்கென்று விற்கிற கண்டிஷனரும் போன நிறத்தைத் திருப்பிக் கொடுக்காது. (நிறமிப் பூச்சே இல்லாத அனிலின் தோல் என்று ஒரு வகை உண்டு. அது புதிதாக இருக்கும்போதே தண்ணீரை உறிஞ்சும், அதற்கு வேலைமுறை வேறு. விளிம்பில் மட்டும் உறிஞ்சி மற்ற இடமெல்லாம் முத்தாக நின்றால் உங்களுடையது பூச்சு போட்ட தோல்தான்.)

இன்னொரு விஷயமும் அவர் காட்டினார். தோல் சீட் என்று வாங்கினாலும், பல கார்களில் உடம்பு படும் இடம் மட்டும்தான் தோல். சீட்டின் பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சின் வகை. என் காரிலும் அப்படித்தான். அங்கே உப்புத்தாள் வேலையே கூடாது, துடைத்தால் போதும்.

சரி, சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். குளியல் சோப்பு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் இயல்பில் கொஞ்சம் அமிலத் தன்மை உடையது, பிஎச் 4, 5 அளவில் இருக்கும். சோப்பு 9, 10 வரை காரம். தோலுக்கென்றே உள்ள க்ளீனர், மென்மையான குதிரைமுடி பிரஷ், ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி, இவ்வளவுதான். க்ளீனரைச் சீட்டில் ஊற்றவில்லை. பிரஷில் விட்டு நுரையாக்கி, ஒரு கை அகலத்துக்கு மட்டும் வட்டமாகத் தேய்த்து, நுரை காயும் முன் துடைத்தேன்.

அந்த நுரையின் நிறத்தை மறக்க முடியாது. வெள்ளையாகப் போய்ப் பதினைந்து சுற்றில் பால் விட்ட தேநீர் நிறம், இன்னும் பத்துச் சுற்றில் சேற்று நிறம். துணியில் அப்பா முதுகு சாய்ந்த இடத்தின் அழுக்கு மட்டும் தனியாக ஒரு கறுப்பு வட்டமாக வந்தது. தையல் இடுக்கில் பழைய பல்துலக்கும் பிரஷ். நடுவில் ஊசித்துளை போட்ட பகுதியில் மட்டும் ரொம்ப நிதானம், ஈரம் உள்ளே இறங்கினால் கீழே இருக்கும் நுரைப் பஞ்சு நனைந்து நாளெல்லாம் காயாது. ஒரு சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

காய்ந்த பிறகு பார்த்தால் முன்பக்கத்து இன்னொரு சீட்டுக்கு வேறு வேலையே இல்லை! மினுமினுப்பு போய் மங்கலான, ஒரே சீரான நிறம். அந்தப் பளபளப்பு முழுக்க வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான். தொழிற்சாலையில் இருந்து வரும்போது பெரும்பாலான சீட்கள் மங்கலாகத்தான் இருக்கும். பின்சீட்டிலும் பாதி வெளிறல் அழுக்கோடு போய்விட்டது. நேராகச் சாயம் வாங்க ஓடியிருந்தால், தேவையில்லாத இடத்துக்கெல்லாம் பூசியிருப்பேன். சாயத்தைப் பற்றி யோசிக்கும் எவரும் ஒரு முழு நாளைச் சுத்தத்துக்குக் கொடுத்துவிட்டு அதன்பிறகு முடிவெடுக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நான் போட்ட எண்ணெய். எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, சாயம் பூசப் போகும் இடத்தில் மட்டும் துடைத்தேன். நல்ல பூச்சு உள்ள இடத்தில் இதைத் தொடவே கூடாது, பாதுகாப்புப் பூச்சைக் கரைத்துவிடும். துடைத்ததும் கருமை போய்விட்டது, மகிழ்ச்சியோடு தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மேலே வந்து மறுபடி அதே திட்டுகள். மறுபடி துடைத்தேன். மூன்று இரவு இப்படியே போயிற்று. நாலாவது காலையில்தான் சீராக வெளிறி நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சீட்டைக் கழற்றி வேலை செய்தால் வசதி என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் இணைப்பு. பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்காமல் அதில் கை வைக்கக் கூடாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சிறு துணித் துண்டு தைத்திருந்தால், அந்தப் பக்கத் தையல் விபத்தின்போது பிரிந்து வழிவிட வேண்டிய தையல். அதன் மேல் பசையோ, வெடிப்பை நிரப்பும் பட்டியோ பூசினால் சமயத்தில் திறக்காமல் போகலாம். நான் அந்தத் தையலை டேப்பால் மூடி, கடைசி வரை தொடவில்லை. பெல்ட்டையும் பிளாஸ்டிக் ஓரங்களையும் அப்படியே மூடிவிட்டேன்.

அப்புறம் வெடிப்பு. முதலில் 400 எண் உப்புத்தாள், பிறகு அதைவிட மென்மையான 600. அழுத்தாமல், எழும்பி நின்ற நாரைப் படிய வைக்கும் அளவுக்கு மட்டும். தூசியைத் துடைத்து, தளர்ந்த நாரைப் பிடித்துக் கட்டுவதற்காகத் தண்ணீர் மாதிரி இருக்கும் தோல் பைண்டரை நுரைப் பஞ்சுத் துண்டால் மூன்று முறை ஊறவிட்டேன். அதன் மேல் பட்டி பார்க்கும் வேலை. தோலுக்கான பட்டி வளைந்து கொடுக்கும். சுவருக்கோ பாடிக்கோ போடுவதை இங்கே போட்டால் முதல் நாளே உடையும்.

சரியான பட்டியிலும் நான் ஒரு தடவை தோற்றேன். ஒரே பூச்சில் வெடிப்பை மூடிவிடலாம் என்று தடிமனாக வைத்தேன். மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை. முழங்கையை ஊன்றிப் பார்த்ததும் பழைய வெடிப்பின் கோட்டிலேயே பிளந்தது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக ஐந்து கோட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு 600 தாளில் ஒரு தடவல். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன், வெடிப்பு எங்கே இருந்தது என்று விரலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நிறுத்தினேன். சுருக்கங்களை நான் நிரப்பவில்லை. வெடிப்பு வேறு, சுருக்கம் வேறு. சுருக்கத்தையும் நிரப்பினால் தோல் பொம்மைக்குப் போர்த்தியது மாதிரி ஆகிவிடும்.

நிறம் பொருத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். நீர் கலந்த நிறமிச் சாயம் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கருக்கும். அதனால் கிண்ணத்தில் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஒரு துளியைப் பின்சீட்டின் அடிமடிப்பில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் அச்சு அசலாகப் பொருந்திய ஒரு கலவை, காலையில் பச்சை ஓடித் தெரிந்தது. எதற்கு ஒப்பிடுவது என்பதிலும் குழம்பினேன். தலைச்சாய்வைக் கழற்றினால் அடியில் வெயிலே படாத புத்தம் புது நிறம் இருக்கிறது. ஆனால் ஒரு பகுதிக்கு மட்டும் சாயம் பூசும்போது, பக்கத்தில் இருக்கும் சுத்தம் செய்த தோலோடுதான் அது சேர வேண்டும், 14 வருடம் முந்தைய நிறத்தோடு அல்ல. பழுப்பில் மஞ்சள் சேர்த்து, கறுப்பைப் பல்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு, ஏழாவது கலவையில் வந்தது.

பூசுவதை ஒரு தையலில் தொடங்கி அடுத்த தையலில்தான் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லைக்கோடு தெரியும். முதல் பூச்சை நுரைப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தேன். வரிவரியாக, பாதி தெரிந்தும் தெரியாமலும், பார்க்கவே பயமாக இருந்தது. அந்த இடத்தில் பதறிப்போய் அள்ளிப் பூசிவிடாதீர்கள், முதல் கோட் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டாவதிலிருந்து தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பஞ்சின் துளைகள் பதிந்து, பட்டி போட்டு வழவழப்பான இடத்துக்கும் தோலின் பொரிபொரிப்பு கொஞ்சம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினேன். ஓட்டுநர் சீட்டுக்கு ஆறு கோட், பின்சீட்டின் மேல்பகுதிக்கு மூன்று.

மேலே நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, மங்கல் வகை, மூன்று கோட். இதை விட்டால் சாயம் முழுக்கத் துணியில் ஏறும். ஒரு நாள் யாரையும் உட்கார விடவில்லை, ஒரு வாரம் ஈரத்துணி படவிடவில்லை.

பத்து மாதம் ஆகிறது. பின்சீட் அப்படியே இருக்கிறது, நிறுத்தும்போது கண்ணாடிக்குத் திரை போடுகிறேன். ஜீன்ஸின் நீலம் ஒருமுறை ஒட்டியது, பாதுகாப்புப் பூச்சு இருந்ததால் க்ளீனரில் ஒரே துடைப்பில் போய்விட்டது. ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் மயிரிழை மாதிரி இரண்டு கோடு திரும்பி வந்திருக்கிறது. தினமும் மடங்குகிற இடம், அது வரும் என்று அந்த அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். மிச்சச் சாயத்தைப் புட்டியில் மூடி வைத்திருக்கிறேன், அந்த இரண்டு கோட்டுக்கும் ஒரு சின்ன ஒற்றல் போதும். இப்போது உரசிக்கொண்டு ஏறுவதில்லை, முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா போன மாதம் வந்து உட்கார்ந்தார். கையால் ஓரத்தைத் தடவிவிட்டு, "புதுசாத் தோல் போட்டியா?" என்றார்.

"இல்லப்பா, நீங்க ஓட்டின அதே சீட்தான்."

மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கைக் காட்டினார். அதன் மேல்பகுதியில் தோல் வழவழத்துக் கருத்திருக்கிறது. அது அடுத்த வாரம், க்ளீனரிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.