குறைந்துபோன ஜாப்

அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், இரும்பை அளந்து அராவிப் பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான் இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சேர்கிறவர்கள் பாதிப்பேர். பதினோராம் வகுப்பில் சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலகி வருகிறவர்களும் உண்டு. துணைத்தேர்வில் தேறி, சேர்க்கை முடிகிற நேரத்தில் மாற்றுச் சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவர்களும் உண்டு. எதற்காக இந்தப் பிரிவை எடுத்தாய் என்று கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "படிப்பு ஏறாது சார், அதனால்தான்." அதில் வெட்கமோ வருத்தமோ இருக்காது. தன் இரத்த வகையைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நிற்பார்கள்.

பயிற்றுநர்களான எங்களுக்கும் அவ்வப்போது பயிற்சி வகுப்பு நடக்கும். ஒருமுறை 'வளர்ச்சி மனப்பான்மை' பற்றி நடந்தது. திறமை பிறப்பிலேயே அளந்து கொடுக்கப்பட்டதன்று, சரியான வழியில் பழகினால் வளரும். தோற்றால் எந்த இடத்தில் தோற்றோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் மறுநாளே எங்களில் சிலர் அதைப் பட்டறையில் சொற்பொழிவாக்கிவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அறிவுரை கேட்டுக் காது மரத்துப்போன பிள்ளைகள் இவர்கள். "உன்னால் முடியும்" என்றால் "சரி சார்" என்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

முதல் சில வாரங்களில் பெரும்பகுதி அராவுதல்தான். ஓர் எம்.எஸ். ஃபிளாட் துண்டை, அதாவது தட்டையான இரும்புத் துண்டை, மேசையில் பொருத்திய வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி, அரத்தால் அதன் பரப்பைச் சமமாக்க வேண்டும். வைஸின் தாடை நிற்பவனின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பும்போது அழுத்தக் கூடாது. முன்னே போகும்போதும் தொடக்கத்தில் நுனியைப் பிடித்த கை கூடுதலாக அழுத்த வேண்டும், நடுவில் இரண்டு கையும் சமம், முடிவில் பிடியில் இருக்கிற கை. கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்யத் தொடங்கினால் அரம் மேலும் கீழும் ஆடும். துண்டின் நடுவில் மேடு விழும், ஓரங்கள் சரியும். செங்கோணம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் கசிவது தெரியும்.

அதைப் பார்த்ததும் பையன்கள் முன்னைவிடப் பலமாக அழுத்துவார்கள். மேடு இன்னும் கூடும். அந்த நேரத்தில் பக்கத்தில் போய், "இன்னும் கொஞ்சம் முயற்சி செய், தம்பி" என்று தட்டிக்கொடுக்கிறவரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவன் முயன்றுகொண்டுதான் இருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. குறை அவன் நிற்கிற நிலையில் இருக்கிறது. இடது காலை முன்னே வைத்து, தோளை மட்டும் ஆட்டாமல் உடம்பைச் சேர்த்து நகர்த்தச் சொன்னால் அன்று மாலைக்குள் கசிவு பாதியாகும். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாமல் முயற்சியை மட்டும் புகழ்ந்தால், இவ்வளவு முயன்றும் வரவில்லை, அப்படியானால் நமக்கு இது வராதுதான் என்ற முடிவுக்கே அவன் போய்ச் சேருவான்.

இரும்பில் ஒரு கொடுமை உண்டு. அளவு கூடுதலாக இருந்தால் எடுக்கலாம். குறைந்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. வரைபடம் 50 மில்லிமீட்டர் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் என்று நாங்கள் சொல்கிற பயிற்சித் துண்டுகளில், தொடக்கத்தில் செய்பவற்றுக்கு அரை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம் என்று சலுகை உண்டு. ஒரு பையனுக்கு 49.2 வந்துவிட்டது. அவன் என்னிடம் வரவில்லை. தன் துண்டை ஸ்க்ராப் பெட்டியின் அடியில் புதைத்துவிட்டு, யாரோ முந்தைய ஆண்டு செய்துபோட்ட துண்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த பழைய எண்ணை அராவி அழித்து, நம்பர் பஞ்சால் தன் எண்ணை அடித்துக்கொண்டு வந்தான்.

எல்லாப் பக்கமும் பழுப்பேறியிருக்க, எண் இருந்த முகம் மட்டும் பளபளத்தது. அந்த முகத்தில் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் கசியவே இல்லை. அவன் சொந்த ஜாப்பில் ஒரு நாளும் வராத சமம் திருட்டு ஜாப்பில் வந்திருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதை எப்படி இவ்வளவு சமமாக அராவினாய்?" என்று கேட்டேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றவன் விழித்தான். பிறகு சொன்னான்: "மெதுவாகப் போட்டேன் சார். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று."

அதைத்தான் நான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறை, அரம் ஆடாது என்று. என் சொல்லுக்கு இறங்காத கை பயத்துக்கு இறங்கியிருக்கிறது. ஸ்க்ராப் பெட்டியிலிருந்து அவனுடைய 49.2ஐ எடுத்துவரச் சொன்னேன். இரண்டு துண்டையும் அருகருகே வைத்து, எந்தப் பரப்பு உன்னுடையது என்று கேட்டேன். இரண்டுமே அவனுடையவைதான். அது அவனுக்கும் விளங்கியது. திருட்டு ஜாப்புக்கு மதிப்பெண் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைந்ததை மறைப்பது இவர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்கள் கொடுத்தார்கள். முதல் சுற்று முடிந்ததும் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் புகழ்ந்தார்கள். அடுத்த சுற்றை வேண்டுமென்றே கடினமாக்கித் தோற்கவைத்தார்கள். மூன்றாவதாக, முதல் சுற்றைப் போன்ற எளிய புதிர்களையே கொடுத்தபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்பைப் புகழப்பட்டவர்கள் முன்னேறியிருந்தார்கள். முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலிகளில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். மற்றக் கூட்டத்தில் அப்படி எழுதியவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே ஒரு வாக்கியப் புகழ்ச்சிக்கு இவ்வளவு விளைவு. எங்கள் பிள்ளைகள் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். 'மக்கு' என்று சொல்லிச் சொல்லியே மறைக்கக் கற்றவர்கள்.

புகழப்பட்டு வந்த ஒரு பெண்ணும் எங்களிடம் இருந்தாள். ஃபிட்டர் பிரிவில் பெண்கள் அரிது. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம். வீட்டு நிலைமையால் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று வந்தவள். பையன்களின் ஜாப் 49இல் நின்றால் இவளுடையது 50.7இல் நிற்கும். "ஏம்மா, இன்னும் எடுக்கலாமே?" என்றால், "எடுத்தால் போய்விடும் சார்" என்பாள். தவறு செய்யாமலேயே தவறிப்போகிற வகை இது. ஆண் பகுதியைப் பெண் பகுதிக்குள் பொருத்துகிற ஃபிட்டிங் ஜாப் வந்தபோது, கூடுதலாக விட்ட துண்டு உள்ளே நுழையவே இல்லை. அவளுக்கு நான் கொடுத்த வேலை, ஒரு துண்டை வேண்டுமென்றே 50க்குக் கீழே கொண்டுபோவது. ஒவ்வொரு முறையும் எத்தனை தள்ளலுக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து எழுத வேண்டும். பாழாக்கு என்று ஆசிரியரே சொன்ன பிறகு பயப்பட என்ன இருக்கிறது? தன் கை ஒரு தள்ளலில் எவ்வளவு எடுக்கும் என்பது தெரிந்த பிறகு அவள் 50.7இல் நிற்பதை விட்டுவிட்டாள்.

அந்தக் குறிப்பெழுதுகிற வழக்கத்தை எல்லாருக்கும் ஆக்கினேன். அராவுவதற்கு முன் என்ன அளவு வரும் என்று நினைக்கிறாய், பின் என்ன வந்தது, வித்தியாசம் ஏன் வந்தது. இந்த நோட்டுக்கு மதிப்பெண் கிடையாது. முதலில் "கவனக்குறைவு" என்று எல்லாரும் ஒரே காரணத்தை எழுதித் தள்ளுவார்கள், பள்ளியில் அதற்குப் பழகியவர்கள். கவனக்குறைவு என்று எழுதக் கூடாது என்று தடைபோட்ட பிறகுதான் உருப்படியான காரணங்கள் வரத் தொடங்கின. 'வைஸ் உயரம், பலகை போட்டு நிற்க வேண்டும்.' 'கடைசியில் ஸ்மூத் அரம் எடுக்காமல் சொரசொரப்பான பாஸ்டர்ட் அரத்திலேயே முடித்தேன்.' 'சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.' கடைசிக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

பட்டறை ஓரத்தில் ஓர் அலமாரியும் இருக்கிறது. இரண்டாமாண்டு மாணவர்கள் தங்கள் முதல் ஜாப்பையும் இப்போது செய்த, புறாவால் வடிவில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற டவ்டெயில் ஜாப்பையும் அதில் ஒரே எண்ணின்கீழ் வைக்க வேண்டும். துருப்பிடித்த, கோணலான அந்த முதல் துண்டுகளைப் புதியவர்கள் கையில் எடுத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். டவ்டெயிலை எடுத்து இழுத்துப் பார்க்கும்போது சிரிப்பு நின்று, "இந்த அண்ணன்தானா அதையும் செய்தது?" என்று கேள்வி வரும். அங்கே நான் வாயைத் திறப்பதில்லை. அந்த அண்ணன் நான்கு வைஸ் தள்ளி நின்று வேலை செய்துகொண்டிருப்பான், அவனையே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

வருகைப் பதிவு குறைந்ததால் அழைக்கப்பட்ட ஒரு தந்தை, மகனைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே, "இவனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது சார், கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும்" என்றார். கைத்தொழிலுக்கு மண்டை வேண்டாம் என்ற நினைப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. பையனிடம் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து, மேசைமேல் கிடந்த ஒரு போல்ட்டின் தடிமனை அளந்து அப்பாவுக்குச் சொல் என்றேன். அளந்தான். அளவு எப்படி வந்தது என்பதையும் சொல் என்றேன். "மேலே இருக்கிற ஸ்கேலில் 49 மில்லிமீட்டர் தூரத்தைக் கீழே 50 பங்காகப் பிரித்திருக்கிறார்கள் அப்பா. ஒரு பங்குக்கு ஒரு பங்கு 0.02 வித்தியாசம். எந்தக் கோடு மேலே இருக்கிற கோட்டோடு நேராக நிற்கிறதோ அதன் எண்ணை 0.02ஆல் பெருக்கி, மேலே படித்த மில்லிமீட்டரோடு கூட்ட வேண்டும்." கணக்கில் துணைத்தேர்வு எழுதியவன் அவன். தந்தை காலிப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போல்ட்டைத் தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். மகன்தான் கோட்டைப் படித்துச் சொன்னான்.

இதை வைத்து எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கிளம்ப வேண்டாம். அந்தப் பையனின் வருகை குறைந்ததற்குக் காரணம், முகூர்த்த நாட்களில் இரவெல்லாம் பந்தி பரிமாறப் போனது. பட்டறையில் உட்கார்ந்தால் கண் சொக்கும். அரசு தருகிற மாத உதவித்தொகை 750 ரூபாய். பஸ் பாஸ் இலவசம். அதைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது. தூக்கமில்லாதவனிடம் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவது, அவன் வறுமைக்கு அவனையே பொறுப்பாக்குவது. ஆராய்ச்சியாளர்களும் பெரிய வாக்குறுதி தருவதில்லை. 2019இல் டேவிட் யீகரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் பன்னிரண்டாயிரம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம் பின்தங்கியவர்களின் தரப்புள்ளியை நான்கு புள்ளி அளவில் 0.1 மட்டுமே உயர்த்தியது. அதுவும் கூடப் படிக்கிறவர்கள் கடினமானதை எடுத்துச் செய்கிற பழக்கமுள்ள பள்ளிகளில்தான் நன்றாக வேலை செய்தது. அலமாரி வைத்திருப்பது அதனால்தான். ஒருவன் மனத்தைத் தனியாகப் பிடித்துத் திருத்துவதைவிட, பாழான ஜாப்பை மேசைமேல் வைப்பதை அந்தப் பட்டறையின் வழக்கமாக்குவது எளிது.

அகில இந்தியத் தொழிற்தேர்வில் செய்முறைக்கு 60 விழுக்காடு வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 33 போதும். பள்ளியில் எழுத்தில் சறுக்கியவர்கள் இங்கே கையால் தேறிவிடுகிறார்கள், எழுத்தில் விட்டுவிட்டு மறுபடி எழுதுகிறவர்களும் உண்டு. மறுபடி எழுதப்போகிறவனிடம் நோட்டைத்தான் கேட்பேன்: எந்தப் பாடத்தில், எந்த வகைக் கேள்வியில் போனது? "எல்லாமே சார்" என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் ஒரு வாரத்தில் பட்டியலோடு வருவார்கள்.

இப்போது எனக்கும் சக பயிற்றுநர் ஒருவருக்கும் வாக்குவாதம் ஒன்று நடக்கிறது. புதிய ஆய்வகத்தில், கணினி நிரலின்படி இரும்பை வெட்டுகிற சி.என்.சி. இயந்திரமும் அதைக் கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டரும் வந்திருக்கின்றன. நிரலில் தவறு செய்தால் திரையில் வெட்டுகிற டூல் ஜாப்புக்குள் பாயும். ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் பழையபடி. பயமில்லாமல் தவறு செய்து பழக இதைவிட நல்ல இடம் ஏது என்கிறார் அவர். ஓரளவுக்கு உண்மைதான், அந்தப் பெண்ணுக்கு இது அன்றே கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பையன்கள் திரையில் தவற்றைப் பார்ப்பதற்கு முன்பே விசையைத் தட்டிவிடுகிறார்கள். அதனால் அழிப்பதற்கு முன் தவறான நிரலை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கணினி இருக்கும்போது கையால் எழுதச் சொல்கிறீர்களே என்று அவர் கேட்கிறார். பையன்களும் அவர் பக்கம்தான். இந்த ஆண்டுத் தேர்வுவரை எழுதட்டும், பிறகு பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.