எனக்கு நானே எழுதும் ரசீது

நிலக்கடலை பயிர் செய்கிறேன். அதையே ஆட்டி எண்ணெய் விற்க ஒரு சின்னச் செக்கும் நடத்துகிறேன். "உங்களுக்கென்ன, சரக்குக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்" என்பார்கள். சரக்கு சொந்தம் என்பதாலேயே கணக்கில் இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும் என்பது என் அனுபவம்.

சிக்கல் களத்திலேயே ஆரம்பித்துவிடும். பிடுங்கின காயில் 35 முதல் 50 சதவீதம்வரை ஈரம் இருக்கும். விவசாயிக்கு ஈரம் என்றால் எடை, எடை என்றால் காசு. மழை வருவதற்குள் மூட்டை கட்டித் தள்ளிவிடத்தான் மனசு சொல்லும். செக்குக்காரருக்கோ ஈரம் 8 சதவீதத்தை ஒட்டி இறங்கினால்தான் நிம்மதி. அதனால் காயை மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கிளறிக் காயப்போடுகிறேன். ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு உருளும் சத்தம் கேட்க வேண்டும். உடைத்து விரலால் தேய்த்தால் மேல்தோல் கழன்று வர வேண்டும். அதுவரை சாக்கு பக்கம் போவதில்லை.

இதில் அவசரப்படவே கூடாது. அரைகுறையாகக் காய்ந்த காயில் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் நச்சு, ஆட்டும்போது பெரும்பாலும் புண்ணாக்கில் தங்கும். அதை மாடு தின்றால் பாலிலும் கொஞ்சம் இறங்கும். நம்பி வாங்குகிறவர் வீட்டுக் குழந்தை குடிக்கும் பால் அது. பூசணம் பட்ட பருப்பைப் பொறுக்கி எறிய ஆகும் கூலியை நான் செலவாகவே நினைப்பதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 100 கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு தேறும். அந்தப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான் என்றாலும் செக்கில் முழுவதும் பிழிந்துவிட முடியாது. 30 கிலோ எண்ணெய் வந்தால் நல்லது. மீதி புண்ணாக்கு. ஓடு, கசடு, கூலி, கரண்ட் எல்லாவற்றையும் இந்த எண்ணெயும் புண்ணாக்கும்தான் தாங்க வேண்டும். காய்க்கு விலையே போடாமல் கணக்குப் பார்த்தால் செக்கு எப்போதும் லாபத்தில்தான் தெரியும். காடு நஷ்டத்தில் போவது கண்ணுக்கே படாது.

அதனால் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ, அந்த விலைக்கே செக்கு என் காட்டிலிருந்து காய் வாங்குகிறது. எடை போட்டு, ரசீது எழுதி, பணத்தையும் ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். வீட்டில் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் விலை சரிந்த பட்டத்தில் எது எதைத் தாங்குகிறது என்று அந்தச் சீட்டுகள்தான் காட்டின. விதைக்காயை இதில் சேர்ப்பதில்லை. அது காட்டின் சொத்து. செக்கு எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டேன்.

இன்னொன்று, விவசாயத்தில் காசு அறுவடைக்கு ஒரு தடவை மொத்தமாக வரும். கடையில் தினமும் சில்லறையாக வரும். கல்லாவில் பணம் புழங்கும்போது எல்லாமே நம்முடையது போலத் தோன்றும். அதில் அடுத்த பட்டத்து உழவும் களையெடுப்பும் அடக்கம்.

இப்போது வெளிக்காட்டுக் காயும் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். அவர்களுக்கும் என் காட்டுக்கும் ஒரே தராசு, ஒரே விலை. பணம் மட்டும் அவர்களுக்கு முதலில்.