பழைய முன்னோட்டத் தொகுப்புகளுக்கு ஓர் அட்டவணை: இதுவரை நடந்த வேலை

1960களிலும் 70களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களின் முன்னோட்டங்களை (டிரெய்லர்களை) மட்டும் தொகுத்து வெளியிடும் வட்டுகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். சேர்த்ததைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு முன்னோட்டத்துக்கும் தனிப் பதிவு எழுதி அட்டவணையாக்கும் வேலையைச் சென்ற ஆண்டு தொடங்கினேன். படத்தின் பெயர், அதே படத்துக்கு வழங்கிய வேறு பெயர்கள், நாடு, ஆண்டு, அமெரிக்க விநியோகஸ்தர், பின்னணிக் குரல் கொடுத்தவர், பிரிண்டின் நிலை, ஓடும் நேரம், எந்த வட்டில் எத்தனையாவது என்பன அதன் பத்திகள். வேலை பாதியைத் தாண்டிவிட்டதால், இதுவரை தெரியவந்தவற்றை எழுதிவைக்கிறேன்.

இந்தப் படங்களை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். பெரிய நட்சத்திரங்களோ பெரிய முதலீடோ இல்லாமல், வன்முறை, பாலியல், போதை, பேய், மோட்டார்சைக்கிள் கும்பல், குங்ஃபூ என்று ஏதேனும் ஒரு பரபரப்பை முன்னிறுத்தி விற்கப்பட்டவை இவை. பெருநகரங்களின் மலிவான அரங்குகளும், காரில் அமர்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளும் இவற்றின் சந்தையாக இருந்தன. நியூயார்க்கில் ஏழாவது, எட்டாவது அவென்யூக்களுக்கு இடைப்பட்ட 42ஆம் தெருவில் நியூ ஆம்ஸ்டர்டாம், லிரிக், செல்வின், எம்பயர், லிபர்ட்டி எனத் திரையரங்குகள் நெருக்கமாக நின்றன. 1990களில் அத்தெருவைச் சீரமைத்தபோது அந்த உலகம் முடிவுக்கு வந்தது. நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கை டிஸ்னி நிறுவனம் புதுப்பித்து 1997இல் திறந்தது. சினாப்ஸ் ஃபிலிம்ஸ் நிறுவனம் 2005இல் தொடங்கிய டிவிடி வரிசை அந்தத் தெருவின் பெயரைத் தாங்கி, ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் ஃபாரெவர்’ என்று வந்தது. என் அட்டவணையின் பெரும்பகுதி அந்த வரிசையிலிருந்துதான் உருவாகிறது.

முழுப் படங்களை விட்டுவிட்டு முன்னோட்டங்களை மட்டும் விற்கும் வழக்கம் வீடியோ கேசட் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1987இல் வந்த ‘மேட் ரான்ஸ் ப்ரிவ்யூஸ் ஃப்ரம் ஹெல்’ என்ற கேசட், திகில் பட முன்னோட்டங்களுக்கு இடையில் நிக் பாவ்லோ என்ற பொம்மலாட்டக் குரல் கலைஞரையும் பிண வேடப் பொம்மையையும் கொண்டுவந்து பேசவைத்தது. இத்தகைய தொகுப்புகள் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1978க்கு முன் அமெரிக்காவில் பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்பு பொதுச் சொத்தாகிவிடும். முழுப் படத்தில் அந்த அறிவிப்பைத் தவறாமல் போட்ட தயாரிப்பாளர்கள், இரண்டரை நிமிடம் ஓடும் விளம்பரத் துண்டில் அதைப் போட மெனக்கெடவில்லை. சிறு வீடியோ நிறுவனங்களுக்கு அதுவே வழிவிட்டது.

இந்தியாவிலிருந்து இதைச் செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, எந்த நாட்டு பிளேயரில் வட்டு ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் மண்டல எண்ணை. நம் நாட்டுக்குரிய டிவிடி மண்டலம் 5, ப்ளூ-ரே மண்டலம் சி. அமெரிக்க வட்டுகளுக்கு முறையே 1, ஏ. பிரிட்டிஷ் வட்டுகளுக்கு 2, பி. சிறு நிறுவனங்கள் சில வட்டுகளை எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக விட்டிருக்கின்றன என்றாலும், மண்டலக் கட்டுப்பாடு நீக்கிய பிளேயர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது வேகம். ஒரே முன்னோட்டம் அமெரிக்க வட்டில் 2 நிமிடம் 30 நொடியும், பிரிட்டிஷ் டிவிடியில் 2 நிமிடம் 24 நொடியும் ஓடியது. காட்சி காட்சியாக ஒப்பிட்டேன், எதுவும் வெட்டப்படவில்லை. நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்பட்ட படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25 சட்டங்களாக ஓட்டுவதால் நீளம் நான்கு விழுக்காடு சுருங்குகிறது. காதால் கேட்டாலே வேறுபாடு தெரிகிறது: பின்னணிக் குரல் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி ஏறி ஒலிக்கிறது. குரலுக்கு உரியவரை அடையாளம் காண முயலும் எனக்கு இது முக்கியமானது. எனவே குரல் பத்தியை அமெரிக்க வட்டையோ, 24 சட்ட வேகத்தைக் காக்கும் ப்ளூ-ரேயையோ கேட்டு மட்டும் நிரப்புகிறேன்.

பெயர்ப் பத்தியைப் போல வேறெதுவும் என்னை இழுத்துப் பிடிக்கவில்லை. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா 1971இல் எடுத்த கொலைப் படம் ஒன்று அமெரிக்காவில் ‘கார்னேஜ்’ என்றும், ‘ட்விட்ச் ஆஃப் தி டெத் நெர்வ்’ என்றும், பிரிட்டனில் ‘எ பே ஆஃப் பிளட்’ என்றும் வலம்வந்தது. இவை போதாவென்று, தனக்குப் பின்னால் வந்த வேறொரு படத்தின் இரண்டாம் பாகம் என்ற பெயரிலும் அது விற்கப்பட்டது. அந்த வேறொரு படம் வெஸ் க்ரேவன் இயக்கிய ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’. வெளிவந்த ஆண்டு 1972. இரண்டையும் விநியோகித்தது பாஸ்டன் நகரின் ஹால்மார்க் ரிலீசிங் என்று விநியோகஸ்தர் பத்தியைப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது.

ஹால்மார்க்கின் முன்னோட்டங்களை மட்டும் தனியாகப் பிரித்து வரிசையாகப் பார்ப்பது பெரிய பாடம். க்ரேவன் படத்தின் முன்னோட்டம், மயங்கி விழாமல் இருக்க வேண்டுமானால் ‘இது வெறும் படம்தான்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும்படி பார்வையாளருக்கு அறிவுரை கூறுகிறது. அடுத்த ஆண்டு, டெக்சாஸில் எடுக்கப்பட்ட ‘டோன்ட் லுக் இன் தி பேஸ்மென்ட்’ என்ற சிறிய படத்துக்கும் அதே வாசகத்தை ஒட்டினார்கள். அந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘தி ஃபர்காட்டன்’. பெயரையும் வாசகத்தையும் மாற்றியதும் க்ரேவன் படத்தோடு இரட்டைக் காட்சியாக ஓட்டத் தகுந்த சரக்காகிவிட்டது. வாசகமோ ஹால்மார்க்கின் சொந்தக் கற்பனையும் அன்று. 1964இல் வில்லியம் காஸில் தயாரித்து இயக்கிய ‘ஸ்ட்ரெய்ட்-ஜாக்கெட்’ படத்தின் விளம்பரத்திலும், 1965இல் ஹெர்ஷல் கார்டன் லூயிஸின் ‘கலர் மீ பிளட் ரெட்’ விளம்பரத்திலும் அதன் சாயல் இருக்கிறது. நல்ல விளம்பர வாசகம் கைமாறிக் கைமாறித் தேய்ந்தபடியே போவதைத் தேதியோடு பார்க்க முடிவது அட்டவணையின் பயன். ‘மார்க் ஆஃப் தி டெவில்’ என்ற சூனியக்காரி வேட்டைப் படத்துக்கு, வாந்தி எடுக்கும் பைகளைப் பார்வையாளர்களுக்கு வழங்கியதும் இதே ஹால்மார்க்தான்.

அமெரிக்கர்கள் விற்ற இத்தாலிய, ஸ்பானிய, ஜெர்மானியப் படங்களின் முன்னோட்டங்களை அடுத்தடுத்துப் பதிவுசெய்தபோது, அவற்றில் நடிகர்கள் வாய்திறந்து பேசும் காட்சிகள் அரிதாகவே வருவதைக் கவனித்தேன். அலறல் இருக்கும், இசை இருக்கும், பின்னணிக் குரல் இடைவிடாமல் இருக்கும். உரையாடல் மட்டும் இருக்காது. உதடும் ஒலியும் பொருந்தாத டப்பிங்கைப் பார்த்தால் இது வெளிநாட்டுப் படம் என்று தெரிந்து மக்கள் வராமல் போவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். இந்த மறைப்பின் உச்சம் டாரியோ அர்ஜென்டோவின் ‘சஸ்பீரியா’வுக்கு 1977இல் அமெரிக்காவில் வெளியான முன்னோட்டம். நீண்ட கூந்தலுடைய பெண்ணொருத்தி நமக்கு முதுகு காட்டி அமர்ந்து, தலை வாரிக்கொண்டே குழந்தைப் பாட்டின் சாயலில் சில வரிகளைச் சொல்கிறாள். குரல் மென்மையாக இருக்கிறது. சீப்பு நிதானமாக இறங்குகிறது. பிறகு அவள் திரும்புகிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்டை ஓடு. இந்தக் காட்சி படத்திலேயே கிடையாது. விளம்பரத்துக்கென்று தனியாக எடுக்கப்பட்டது. அர்ஜென்டோவின் வண்ணங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமல் அவருடைய படத்தின் அச்சத்தைச் சரியாகக் கடத்திவிடும் இந்தத் துண்டை, முன்னோட்டம் ஒரு தனிக் கலை என்பதற்குச் சான்றாக நான் எவரிடமும் போட்டுக்காட்டத் தயங்க மாட்டேன்.

குரல்களைப் பற்றிய பத்தி மெதுவாகவே நிரம்புகிறது, ஏனெனில் முன்னோட்டங்களில் குரல் கொடுத்தவரின் பெயரைப் போடுவதில்லை. அடால்ஃப் சீஸரின் குரல் பழகிவிட்டால் பிறகு எங்கே வந்தாலும் காது பிடித்துக்கொள்கிறது. கறுப்பினப் பார்வையாளர்களுக்காக 70களில் எடுக்கப்பட்ட அதிரடிப் படங்கள் பலவற்றின் முன்னோட்டங்களை அவர் குரல் தாங்குகிறது. ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சிரிப்பை மறைத்துவைத்தது போன்ற உச்சரிப்பு. ‘எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி’க்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற நடிகர் அவர் என்பதை அறியும்போது, பெயரில்லாமல் அவர் செய்த இந்த வேலைக்கும் ஒரு பதிவு வேண்டும் என்று தோன்றுகிறது. ‘ஜாஸ்’ முன்னோட்டத்தின் ஆழ்ந்த குரலுக்குரிய பெர்சி ரோட்ரிகஸும் அப்படிப்பட்ட நடிகரே.

முன்னோட்டங்களை வெட்டி ஒட்டியவர்களிலும் பின்னாளில் இயக்குநர்களாகப் பெயர்பெற்றவர்கள் உண்டு. மலிவுப் படத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன் 1970இல் தொடங்கிய நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் நிறுவனத்தில் ஜோ டான்டேயும் ஆலன் ஆர்குஷும் முன்னோட்டத் தொகுப்பாளர்களாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். கையிலிருக்கும் படம் சோர்வாக இருந்தால், பிலிப்பைன்ஸில் எடுத்த வேறொரு படத்திலிருந்து ஹெலிகாப்டர் வெடிக்கும் காட்சியை இடையில் செருகிவிடுவார்களாம். டான்டே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஹெலிகாப்டருக்கென்றே அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இத்தகைய செய்திகளைத் தேடுபவர்களுக்கு, சினாப்ஸின் 2012ஆம் ஆண்டு ப்ளூ-ரேயில் எட்வின் சாமுவேல்சன், மைக்கேல் கிங்கோல்ட், கிறிஸ் போக்கியாலி ஆகிய மூவரும் பேசியிருக்கும் விளக்க ஒலித்தடம் பெருந்துணை.

பிரிண்டின் நிலையை எழுதத் தொடங்கியபோது வெறும் ‘நன்று’, ‘சுமார்’ என்று போட்டுக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. 1980களின் தொடக்கம் வரை பயன்பட்ட ஈஸ்ட்மென்கலர் வகைப் பிரிண்டுகளில் முதலில் மங்குவது நீலப்பச்சைச் சாயம். அது போனதும் வானம் இளஞ்சிவப்பாகவும் இரவு செம்பழுப்பாகவும் மாறிவிடுகின்றன. டெக்னிகலர் முறையில் சாயம் ஏற்றிய பிரிண்டுகள் அப்படி மங்குவதில்லை. அதே ஆண்டைச் சேர்ந்த இரண்டு முன்னோட்டங்களில் ஒன்று இரத்தச் சிவப்பும் கடல் நீலமுமாக நிற்க, மற்றொன்று வெளுத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். சாயம் போனதைக் கணினியில் ஓரளவு திருத்துவதை நான் வரவேற்கிறேன். கீறல்களையும் ஒட்டுகளையும் துடைத்தெடுப்பதை வரவேற்கவில்லை. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை நிமிட முன்னோட்டம் 225 அடி. அந்தச் சிறு சுருள் ஒவ்வொரு அரங்கிலும் வேறொரு பெரிய சுருளோடு ஒட்டப்பட்டு, மறுவாரம் வெட்டியெடுக்கப்பட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் மழை பெய்வது போல் விழும் கோடுகளும், பாதியில் அறுந்து தொடங்கும் முதல் சொல்லும் அந்த உழைப்பின் தடயங்கள். எனவே இப்போது சாயம், கீறல், ஒட்டு, ஒலி என்று நான்காகப் பிரித்து எழுதுகிறேன்.

பெண்களின் துன்பத்தையே விற்பனைச் சரக்காக்கிய முன்னோட்டங்களும், இன வெறுப்பைச் சிரிப்பாக விற்பவையும் இத்தொகுப்புகளில் இருக்கின்றன. அவற்றை இரண்டாம் முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பதிவிலிருந்து நீக்கவில்லை, யார் விநியோகித்தார்கள் என்பதைக் குறித்தே வைக்கிறேன். இவ்வகையில் நியூக்ளியஸ் ஃபிலிம்ஸ் 2010இல் வெளியிட்ட ‘வீடியோ நாஸ்டீஸ்: தி டெஃபினிட்டிவ் கைடு’ முன்மாதிரியானது. பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் வீடியோ சட்டத்தையொட்டிய பரபரப்பில் அரசு வழக்குத்தொடுநரின் பட்டியலில் இடம்பெற்ற 72 படங்களின் முன்னோட்டங்களையும், வழக்கில் தண்டனை பெற்ற 39ஐயும் எஞ்சிய 33ஐயும் தனித்தனி வட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னுரையோடு அது தருகிறது. தடைசெய்யப்பட்டது எது என்பதைச் சுற்றிவளைக்காமல் காட்டும் அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்.

அட்டவணை ஓரளவு வளர்ந்ததும், அதைக் கொண்டு நண்பர்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சியைத் தொகுத்துப் பார்த்தேன். கச்சேரியில் அடுத்தடுத்து ஒரே சாயல் ராகங்களைப் பாடாமல் அடுக்குவது போன்ற வேலை இது. ஒரே குரல் இரண்டு முறை தொடர்ந்து வரக்கூடாது. செம்பழுப்பாக மங்கிய ஒன்றுக்குப் பின் டெக்னிகலர் ஒன்று வந்தால் கண் விழித்துக்கொள்கிறது. கறுப்பு-வெள்ளையை நடுவில் வைத்தால் ஓய்வாக அமைகிறது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டினால், எல்லா முன்னோட்டங்களும் ஒரே அலறலாகக் கலந்துவிடுகின்றன. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் வட்டுகளை ஒரே அமர்வில் பார்ப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ‘சஸ்பீரியா’வை நான் இறுதிக்கு முந்தையதாக வைத்தேன், கூந்தல்காரி திரும்பிய கணத்தில் அறையில் எழுந்த சத்தத்துக்குப் பிறகு, ஒரு மோட்டார்சைக்கிள் படத்தின் கலகலப்பு தேவைப்பட்டது.

இப்போது செவரின் ஃபிலிம்ஸ் 2016இல் வெளியிட்ட ‘குங்ஃபூ டிரெய்லர்ஸ் ஆஃப் ஃப்யூரி’யைத் தொடங்கியிருக்கிறேன். ஹாங்காங் முன்னோட்டங்களில் விற்பனைப் பணியின் பெரும்பகுதியைத் திரையில் பாயும் சீன எழுத்துகளும் அவற்றோடு வரும் ஆங்கில வரிகளும் செய்வதால், குரலுக்கென்று நான் வைத்திருக்கும் பத்தி அங்கே போதவில்லை. திரையெழுத்துக்கெனப் புதிய பத்தி ஒன்றைத் திறந்து, சண்டை அமைப்பாளரின் பெயர் எழுத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் அதில் சேர்த்துவருகிறேன். அது முடிந்ததும், அமெரிக்க விநியோகஸ்தர்கள் இதே படங்களுக்குத் தயாரித்த முன்னோட்டங்களோடு ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பகுதி காத்திருக்கிறது.