கனடாவில் கிரெடிட் ஸ்கோர்: முதல் வருடக் கணக்கு வழக்கு

சென்னையிலோ கொழும்பிலோ வீட்டுக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்திருப்பீர்கள். கனடாவில் இறங்கியதும் அது செல்லாது. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கிரெடிட் நிறுவனங்கள் இரண்டிலும் உங்கள் பெயரில் கோப்பே இருக்காது. வாடகைக்கு வீடு கேட்டால் கிரெடிட் ரிப்போர்ட் கேட்பார்கள். கார் கடனின் வட்டியும் அதைப் பார்த்துத்தான். கடனை எவ்வளவு ஒழுங்காக அடைப்பவர் என்று காட்ட 300 முதல் 900 வரை போகும் கிரெடிட் ஸ்கோரை ஒரே மாதத்தில் ஏற்ற வழியில்லை. அதனால் வந்த வாரமே தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் சின் நம்பர், அதாவது வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண். அரசுச் சேவை மையமான சர்வீஸ் கனடாவில் காசு வாங்காமல் தருவார்கள். படிக்கவோ வேலைக்கோ தற்காலிகமாக வந்தவர்களுக்கு அது 9-இல் தொடங்கும், காலாவதி தேதியும் இருக்கும். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்ததும் புது எண் வாங்க வேண்டும். வாங்கிய கையோடு வங்கிக்கும் முதலாளிக்கும் சொல்லுங்கள். கிரெடிட் நிறுவனங்களிலும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய வரலாறு ஓரிடத்திலும் புதியது வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடலாம்.

நம்மவர்களுக்குப் பெயராலும் இதே சிக்கல் வரும். இனிஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதினால், கணினிக்கு அது இரண்டு ஆள். பிஆர் கார்டில் இருக்கும் எழுத்தையும் வரிசையையுமே வங்கி, போன், டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றிலும் கொடுங்கள்.

பெரிய வங்கிகள் எல்லாமே புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. கிரெடிட் வரலாறு இல்லாமலே கார்டு கேட்கலாம். மறுத்தால் செக்யூர்டு கார்டு: 500 டாலர் முன்பணம் கட்டினால் பெரும்பாலும் 500 டாலர் வரம்பு தருவார்கள். மறுத்த கையோடு நாலைந்து இடத்தில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகி ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கும். போனை மாதாந்தர பில் திட்டத்தில் எடுத்தால் அதுவும் கணக்கில் சேர வாய்ப்புண்டு, பிரீபெய்டு சேராது.

கார்டில் பலர் சறுக்குவது தேதியில். ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்ட் போடும் நாள் ஒன்று, கட்டவேண்டிய கடைசி நாள் ஒன்று. நடுவில் குறைந்தது 21 நாள் இருக்கும். பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் நாளன்று நிற்கும் பாக்கிதான் கிரெடிட் நிறுவனத்துக்குப் போகிறது. வரம்பு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகை, பஸ் பாஸ் என்று 850 செலவாகி, கடைசி நாளுக்குள் முழுதும் கட்டிவிட்டீர்கள். வட்டி ஒரு சதம்கூட வராது. ஆனால் ரிப்போர்ட்டில் நீங்கள் வரம்பில் 85 சதவீதத்தைத் தின்றவர். ஸ்டேட்மென்டுக்கு மூன்று நான்கு நாள் முன்பே 600 டாலரைக் கட்டிவிடுங்கள். 250 மட்டும்தான் தெரியும். 30 சதவீதத்துக்குள் வைப்பது பாதுகாப்பு.

மினிமம் தொகையை மட்டும் கட்டினால் பெயர் கெடாது, பணம் போகும்: வருட வட்டி 20 சதவீதம் அளவில் ஓடும். கட்டத் தவறி 30 நாள் தாண்டினால் அது ரிப்போர்ட்டில் ஏறி 6 வருடம் நிற்கும். கார்டில் பணமாக எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி. ஊருக்குக் கார்டு மூலம் பணம் அனுப்புவதையும் பல வங்கிகள் அப்படித்தான் கணக்கிடும்.

டொரொண்டோவில் சீட்டுப் பிடிப்பவர்கள் நிறைய. எத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் ஸ்கோரில் ஒரு புள்ளி ஏறாது. அதைவிட ஆபத்து, சொந்தக்காரர் கார் வாங்கக் கோ-சைன் போடுவது. கையெழுத்திட்ட நாள் முதல் அந்தக் கடன் முழுதும் உங்கள் கடன். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்டால் வங்கி அதையும் உங்கள் தலையில்தான் எழுதும். முகத்துக்கு அஞ்சிச் சம்மதிக்காதீர்கள்.

வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். குழந்தைகளுக்கான மாதப் பணம் அதை வைத்துத்தான் தொடர்ந்து வரும். வந்த நாளிலிருந்து உலகில் எங்கே சம்பாதித்தாலும் காட்ட வேண்டும். ஊர் வங்கியில் வைப்புத் தொகைக்கு வரும் வட்டியும் சேர்த்தி.

டிஎஃப்எஸ்ஏ என்ற, லாபத்துக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கில் கவனம் தேவை. 2009 முதல் ஒவ்வொரு வருட வரம்பையும் கூட்டிய பெரிய தொகையை இணையத்தில் பார்த்துவிட்டு அவ்வளவும் போடலாம் என்று நினைக்கிறார்கள். உங்கள் கணக்கு நீங்கள் கனடாவாசியான வருடத்திலிருந்துதான். 2025-இல் வந்தவருக்கு அந்த வருடம் 7,000 டாலர் மட்டுமே. மிகையாகப் போட்ட தொகைக்கு மாதம் 1 சதவீதம் அபராதம், எடுக்கும்வரை.

இந்தியாவில் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான) கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். ஊரில் உள்ள போன் நம்பரை ரத்து செய்யுமுன் இதை முடித்துவிடுங்கள்; ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.