புது ஆற்றங்கரையில் நான்காவது நடை

மூன்றாவது நடையில் பட்ட பாட்டுக்குப் பிறகும் இந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்து சேர்ந்தது எனக்கே ஆச்சரியம். சென்ற முறை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை சாலை வழியே நடந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களையும் தாண்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். பாலங்களைத் தாண்டினோம். ஆறுகளைப் பார்த்தோமா என்றால், பஸ்ஸுக்கு ஒதுங்கியே மூன்று மணி நேரம் போய்விட்டது. ஏதாவது ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு அதன் கரையோடே போக வேண்டும் என்று அன்று இரவே நோட்டில் எழுதி வைத்தேன்.

அப்படிப் பிடித்ததுதான் புது ஆறு. கல்லணைக் கால்வாய் என்பது காகிதத்தில் இருக்கும் பெயர். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் முடிந்த வேலை. தொண்ணூறு வயதாகியும் ஊர் வாயில் இன்னும் அது புது ஆறுதான். நம் ஊரில் புதுத்தெரு என்று பெயர் வாங்கிய தெருக்களுக்கு நேர்ந்த கதியே இதற்கும்.

சிவகங்கைப் பூங்காவில் கூடினோம். 1870களில் நகராட்சி அமைத்த பூங்கா. பெரிய கோயிலின் மதிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய மரங்களின் நிழலில் ஒரு சுற்று, குளத்தங்கரையில் பத்து நிமிடம், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற வாத்தியார் அண்ணன் அங்கேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தார். “அண்ணே, இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை” என்று கிளப்பிக்கொண்டு போனோம்.

பெரிய கோயிலை ஒட்டி வந்து கரையேறி, தண்ணீர் வரும் திசையை எதிர்த்து மேற்கே நடந்தோம். ஆடிப்பெருக்கு முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. படித்துறையில் காதோலை கருகமணி, மஞ்சள் ஒட்டிய நூல், வாடிய பூமாலை எல்லாம் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. ஒரு வாழை இலையில் மிச்சமிருந்த காப்பரிசியை மைனாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஊறிய அரிசியை விட்டுவிட்டு வெல்லம் ஒட்டிய எள்ளை மட்டும் ஒரு மைனா தேடித் தேடிக் கொத்தியதை நின்று பார்த்தோம். அதற்குப் பதினைந்து நிமிடம் செலவு. நான் போட்ட நேரக் கணக்கு அங்கேயே கெட்டது.

வீடுகள் குறைந்து வயல் தென்பட ஆரம்பித்ததும் என் செருப்பில் ஒரு விஷயம் கவனித்தேன். தெற்குப் பக்கம் வல்லத்துச் செம்மண் மேடு. வடக்கே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல். இரண்டும் சந்திக்கிற விளிம்பில்தான் தஞ்சாவூர் உட்கார்ந்திருக்கிறது. பாலம் மாறி மாறி இரண்டு கரையிலும் நடந்ததில் குதிகாலில் செம்மண்ணும் விரல் பக்கம் சாம்பல் நிறச் சேறுமாக அப்பியிருந்தது. செம்மண் தட்டினால் உதிர்ந்துவிடுகிறது. வண்டல் குச்சியால் சுரண்டினாலும் போக மாட்டேன் என்கிறது. அடுத்த முறைக்குக் குறிப்பு: ஷூ வேண்டாம், வார் வைத்த ரப்பர் செருப்பு போதும். ஷூ போட்டு வந்த வங்கி நண்பர் கடைசியில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கரையில் பூவரசு நிழல் உண்டு என்று நம்பிப் போனேன். சில இடங்களில்தான் இருந்தது. பாக்கி இடத்தையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு பிடித்துக்கொண்டுவிட்டது. அதன் ஊதாப் பூவைப் பார்த்து அழகு என்று சொன்னவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு மதகின் கட்டையில் மடையான் ஒன்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மண்கட்டி மாதிரி இருந்தது. நாங்கள் கிட்டே போனதும் வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்தபோதுதான் பறவை என்றே தெரிந்தது.

சண்டை வந்தது கான்கிரீட்டில். கால்வாயின் பக்கங்களைச் சில ஆண்டுகளாகக் கான்கிரீட் போட்டு மூடிவருகிறார்கள். வாத்தியார் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. “மண் கரை இருந்தவரை பக்கத்துக் கிணறெல்லாம் ஊறும். இப்போது தண்ணீர் கண்ணாடிக் குழாயில் போவது மாதிரிப் போகிறது” என்றார். பேராவூரணிப் பக்கத்து நண்பர் அதுவரை பேசாமல் வந்தவர், சட்டென்று நின்றார். “அண்ணே, உங்கள் கிணறு ஊறியதெல்லாம் எங்கள் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர். கடைமடையில் இருந்து பாருங்கள்” என்றார்.

இந்தக் கால்வாய் ஏறத்தாழ 148 கிலோமீட்டர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று காவிரி எட்டாத மேட்டு நிலத்துக்குப் பாயத்தான் வெட்டினார்கள். வழியெல்லாம் கசிந்தால் கடைசியில் இருப்பவனுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி. நியாயம்தான். ஆனால் செங்குத்தான அந்தச் சரிவில் ஓர் ஆடு இறங்கித் தண்ணீர் குடிக்க முடியாமல் கத்திக்கொண்டு ஓடியதையும் பார்த்தேன். நான் யார் பக்கமும் பேசவில்லை. புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

திரும்பும்போது ஒரு விளையாட்டு. பூவரச இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு அதன் கூடவே நடந்தோம். முதலில் இலை எங்களை முந்தியது. பிறகு ஒரு சுழலில் மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றியதில் நாங்கள் முந்தினோம். வங்கி நண்பர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிப்போய் அதற்காகக் காத்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். இலை நகரை நெருங்கும் இடத்தில் ஆகாயத்தாமரைக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. கல்லெறிந்து விடுவிக்கப் பார்த்தோம், நடக்கவில்லை.

போனில் காட்டிய கணக்கு 9 கிலோமீட்டர். போட்ட திட்டம் 14. பழைய பஸ் நிலையத்தில் காபி குடிக்கும்போது பேராவூரணிக்காரர், ஐந்தாவது நடை தன் ஊரில்தான் என்று சொல்லிவிட்டார். ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் போன் செய்வதாகச் சொன்னார். இதை எழுதும் வியாழக்கிழமை வரை போன் வரவில்லை.